செவ்வாயிற் பறந்த பொறி

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டுத் தருமபுரியில் வளர்ந்த எமக்குச் செவ்வாய் மண்டலத்துக் காற்று வியப்பளிக்கின்றது. அங்கே புயலும் இளங்காற்றெனவே உறைக்கும். அதன் அடர்த்தி நம் காற்றில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே. அத்தகைய காற்றிலே, சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்ற பாலராம் தலைமைப் பொறியாளராயிருந்து சமைத்த நாசாவின் ‘இன்ஜெனுயிட்டி’ 2021 ஏப்ரல் 19-ல் எழும்பிற்று. நிறை 1.8 கிலோகிராம்; சுழலிறக்கைகள் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 2,500 முறை சுழன்றன.

முன்னரே கலிபோர்னியாவில், காற்றகற்றிய பெருங்கூடத்துட் கரியமிலவாயுவைச் சிறிதே நிரப்பி, செவ்வாயின் குறைந்த ஈர்ப்புக்கு ஈடாகப் பொறியை மேலிருந்து கயிற்றாற் சற்றே இழுத்துச் சோதித்தனர். இவ்வுபாயம் எம்மை மிகக் கவர்ந்தது. பூமியிலிருந்து கட்டளை சென்றடையப் பல நிமிஷங்களாகுமாதலின், கண்போன்ற காமிராவால் நிலத்தை நோக்கி அதுவே வழியறிந்தது. 2024 ஜனவரியில், 72-ஆம் பயணத்தில், அடையாளமற்ற மணற்பரப்பின்மேல் அக்கண் ஏமாந்தது, இறக்கை முறிந்தது.