மன்னித்தவர்களுக்கு யார் துணை?

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் கிழக்கு மூலையில், லைபீரிய எல்லையை ஒட்டி பொமாரு என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1991 மார்ச் 23 அன்று ‘புரட்சிகர ஐக்கிய முன்னணி’ என்ற கிளர்ச்சிப் படை எல்லையைத் தாண்டி வந்து முதல் தோட்டாவைச் சுட்டது இங்கேதான். அன்று தொடங்கிய போர் 2002 ஜனவரி வரை ஓயவில்லை. சுமார் 50,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பொதுமக்களின் கைகளை மணிக்கட்டோடு வெட்டி அனுப்பினார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளைப் பிடித்துப்போய், போதைப் பொருளைக் கொடுத்து, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள்.

சரியாகப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச் 23 அன்று, அதே பொமாருவில் பொழுது சாய்ந்ததும் ஊர் மக்கள் பெரிதாக ஒரு நெருப்பை மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். போரில் தங்களுக்கு நேர்ந்ததை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். தீங்கு செய்தவர்களில் சிலரும் எழுந்தார்கள். செய்ததை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டார்கள். ‘ஃபம்புல் டோக்’ என்ற சமாதான இயக்கத்தின் முதல் கூட்டம் அது. அந்நாட்டின் பொதுமொழியான கிரியோவில், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது என்று பொருள்.

கைலாஹுன் மாவட்டத்தைச் சேர்ந்தது பொமாரு. கைலாஹுன் என்ற பெயரை இந்திய ராணுவம் மறக்காது. 2000-ஆம் ஆண்டில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றப் போன 200-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களைக் கிளர்ச்சியாளர்கள் கைலாஹுன் நகரில் இரண்டு மாதங்களுக்கு மேல் சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். ஜூலையில் நடந்த ‘ஆபரேஷன் குக்ரி’ என்ற ராணுவ நடவடிக்கைதான் அவர்களை மீட்டது.

போர் முடிந்ததும் உலகம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம். போருக்கு ஆயுதமும் ஆதரவும் தந்த லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது இந்த நீதிமன்றம்தான். வரலாற்றில் இடம்பெற வேண்டிய தீர்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவில் தண்டிக்கப்பட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மற்றொன்று, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். அது 7,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டியது, 2004-இல் விரிவான அறிக்கையும் தந்தது. அதன் பொது விசாரணைகள் தலைநகரிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் நடந்தன. உள்ளூர்க் காட்டுப்பாதையில் நடந்தே போக வேண்டியவர்களுக்கு அது எட்டாத தூரம்.

இதற்கிடையே கிராமங்களில் நிலைமை எப்படி இருந்தது? 1999-ஆம் ஆண்டின் லோமே அமைதி ஒப்பந்தம் போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அப்பனைக் கொன்றவனும் மகனும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள், ஒரே பாதையில் எதிரெதிரே நடந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. பகை ஆறவில்லை, அடங்கிக் கிடந்தது.

போர்க் காலத்திலேயே மனித உரிமைப் பணியில் இருந்த ஜான் கால்கர் என்ற சியரா லியோன்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை ஆணையம் வேண்டும் என்று முன்னின்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அது ஊர்களுக்குள் இறங்காமலே முடிந்தது அவரை உறுத்தியது. பழைய காலத்தில் ஊர்ச் சண்டையை ஊரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தீர்த்துக்கொண்ட வழக்கத்தை ஏன் மீண்டும் எழுப்பக் கூடாது என்று கேட்டார். அமெரிக்காவில் ‘கேட்டலிஸ்ட் ஃபார் பீஸ்’ அறக்கட்டளையை நடத்தும் லிபி ஹாஃப்மன் துணை நின்றார். அப்படிப் பிறந்ததுதான் ஃபம்புல் டோக்.

அந்த ஒரு இரவுக்குப் பின்னால் பல மாத வேலை இருக்கிறது. இது உங்களுக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி நடத்தலாம் என்று மக்களிடம் கேட்பதுதான் தொடக்கம். தலைவர், இமாம், பாதிரியார், பெண்கள், இளைஞர்கள் எல்லோரும் இடம்பெறும் குழு ஒன்றை ஊர்க்காரர்களே அமைப்பார்கள். குழுவினருக்குப் பயிற்சி தரப்படும். பேச வருபவர்களையும் பேசத் தயங்குபவர்களையும் அவர்கள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நெருப்பைச் சுற்றிய இரவு முடிந்ததும் மறுநாள் முன்னோர்களுக்குப் படையல். போரில் புனித இடங்கள் தீட்டுப்பட்டதால் முன்னோர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள், அதனால்தான் விளைச்சல் குன்றியது என்று நம்பிய ஊர்கள் உண்டு. கோழியோ ஆடோ அறுத்து, சோறாக்கி, ஊரே சேர்ந்து உண்பார்கள். இமாமும் பாதிரியாரும் கூடவே இருப்பார்கள்.

இந்த இயக்கத்தைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள். சிறுவர்களாக இருந்தபோது உயிர் நண்பர்கள். ஊருக்குள் புகுந்த கிளர்ச்சியாளர்கள் ஒருவனைப் பிடித்து, உன் நண்பனை அடி என்றார்கள். மறுத்தால் சாவு. அவன் அடித்தான். அடி வாங்கியவனின் கால் அன்றோடு ஊனமானது. அதோடு விடவில்லை. நண்பனின் தந்தையையும் கொல்லச் சொன்னார்கள், அதையும் செய்ய வேண்டியதாயிற்று. போர் முடிந்து பல ஆண்டுகள், இருவரும் பேச்சுவார்த்தையே இல்லாமல் வாழ்ந்தார்கள். நெருப்பைச் சுற்றிய அந்த இரவில், ஊன்றுகோலோடு எழுந்து வந்தவன் நடந்ததையெல்லாம் சொல்கிறான். செய்தவன் முன்னால் வந்து குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். மற்றவன் மன்னிக்கிறான். பிற்பாடு மன்னிப்புக் கேட்டவன்தான் மன்னித்தவனுடைய விவசாய வேலைகளுக்குக் கைகொடுக்கிறான். தண்டனை எதுவும் இல்லாமல் இது நியாயம்தானா என்ற கேள்வி படம் பார்க்கும் யாருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் பத்து பன்னிரண்டு வயதில் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்ட ஒரு பிள்ளையை எந்த நீதிமன்றம் எந்தக் கூண்டில் ஏற்றும்?

சடங்கு முடிந்ததும் ஊர்ப் பொதுவில் ஒரு வயல் போடுவார்கள். நெல், மரவள்ளி, நிலக்கடலை என்று இடத்துக்கேற்ற பயிர். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வரிசையில் நின்று களை எடுப்பார்கள். ‘சமாதானத் தாய்மார்’ என்ற பெண்கள் குழுக்கள் சேமிப்பும் சிறு தொழிலும் நடத்துகின்றன. என் பார்வையில் இந்த இயக்கத்தின் உண்மையான பலம் இங்கேதான். பேசிய பேச்சு, மறுநாள் காலையில் ஒரு வேலையாக மாற வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஃபம்புல் டோக் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, 200 கிராமங்களில் 2,383 பேரிடம் எடுத்த விவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும், முப்பத்தொரு மாதம் கழித்தும் அளந்தார்கள். சடங்கு நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியிருந்தது. முன்னாள் போராளிகள் மீது நம்பிக்கை கூடியிருந்தது. ஒருவருக்கொருவர் உதவும் உறவு வளர்ந்திருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் போன்ற ஊர்ப் பொது வேலைகளுக்கு மக்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். கூடவே, அந்த ஊர்க்காரர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும், பழைய கொடுமை கண்முன் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் பாதிப்பும் அதிகரித்திருந்தன. முப்பத்தொரு மாதம் கழித்தும் அவை நீங்கவில்லை.

ஆறியும் ஆறாமலும் இருந்த புண்ணை ஊர் நன்மைக்காகத் திறந்து காட்டினார்கள். ஊர் தேறியது. காட்டியவர்கள் தேறவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் வரை அந்த நாடு முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு மனநல மருத்துவர். சடங்கு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தூக்கம் வராமல் படுத்துக் கிடந்த பெண் யாரிடம் போயிருப்பாள்?

இதே காலத்தில் வேறு ஊர்களில் நடந்த இன்னொரு திட்டத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். போருக்கான காரணங்களில் ஒன்று, கிராமத் தலைவர்களின் தன்னிச்சையான ஆட்சி என்று உண்மை ஆணையமே பதிவு செய்திருக்கிறது. அநியாய அபராதம், கட்டாய உழைப்பு, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பேச இடமின்மை. 1972-இல் கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் 2004-இல்தான் திரும்பி வந்தன. அதை ஒட்டி ‘கோபிஃபோ’ என்ற திட்டம் உலக வங்கி வழியாக வந்தது. பொம்பாலி, பொன்தே மாவட்டங்களில் ஆய்வுக்கு எடுத்த 236 ஊர்களில் பாதிக்கு, ஊர் ஒன்றுக்கு சுமார் 4,667 டாலர். கூடவே களப்பணியாளர்கள். அவர்கள் ஊர்க்கூட்டம் கூட்டி, பெண்களும் இளைஞர்களும் பேச வேண்டும், முடிவில் பங்கு வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்.

பணம் திருடு போகவில்லை. கழிப்பறைகள் வந்தன, நெல் காயவைக்கும் களங்கள் வந்தன, சமூகக் கூடங்கள் எழுந்தன, சில்லறை வியாபாரம் பெருகியது. சரி, ஊரின் நடைமுறை மாறியதா? இதை அறிய ஆய்வாளர்கள் வைத்த சோதனை எளிமையானது. ஊருக்கு அன்பளிப்பாக உப்பு, பேட்டரி இரண்டில் ஒன்றைத் தருகிறோம், எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தார்கள். யார் பேசுகிறார்கள், யார் வாயைத் திறக்கவில்லை, கடைசிச் சொல் யாருடையது என்று குறித்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கோபிஃபோ நடந்த ஊருக்கும் அது எட்டிப்பார்க்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. பெண்களின் குரல் உயரவில்லை. கட்டடச் சாமான் கடைக்கான சலுகைச் சீட்டு கொடுத்து, மீதிப் பணத்தை ஊரே திரட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பார்த்ததிலும் அதே கதைதான்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது இது: கிராமத்துப் பெண் தன் வலியைச் சொல்ல எல்லோரும் இடம் தருகிறார்கள். உப்பா பேட்டரியா என்று முடிவு செய்யும்போது அவளுக்கு இடம் இல்லை. ஊரின் ஒற்றுமைக்கு அதிக விலை கொடுப்பவருக்கே ஊரின் முடிவுகளில் பங்கு குறைவு.

அதற்காக இந்த முயற்சிகளையெல்லாம் வீண் என்று தள்ளிவிட முடியாது. 2014-இல் எபோலா வந்தபோது சியரா லியோனில் அது முதலில் தாக்கிய இடங்களில் ஒன்று கைலாஹுன். நாட்டில் கிட்டத்தட்ட 4,000 பேரை அது கொண்டுபோனது. அரசு மருத்துவமனைக்குப் போனால் பிணமாகத்தான் வருவோம் என்று அஞ்சி, நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 254 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை நடந்திருந்தது. சிலவற்றில் ஊர்க்காரர்களையும் செவிலியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, குறைகளை நேருக்கு நேர் பேசவைத்தார்கள். சிலவற்றில் நன்றாக வேலை செய்த ஊழியர்களுக்குப் பாராட்டு விருது தந்தார்கள். நோய் வந்தபோது, இந்த ஏற்பாடுகள் நடந்த பகுதிகளிலிருந்து 62 விழுக்காடு கூடுதலாக எபோலா நோயாளிகள் பதிவானார்கள், இறப்பும் குறைந்தது. நோய் அங்கே அதிகம் பரவியதால் வந்த எண்ணிக்கை இல்லை. மக்கள் ஒளியாமல் முன்வந்தார்கள், அவ்வளவுதான். முகம் தெரிந்த செவிலியர் மீது வந்த நம்பிக்கை, தடுப்பூசி இல்லாத நேரத்தில் உயிரைக் காத்தது.

எபோலாவுக்குப் பின் ஃபம்புல் டோக் தன் பாதையை விரித்தது. மாவட்ட வளர்ச்சித் திட்டங்களை ஊர்களிலிருந்தே தொடங்கும் ‘வான் ஃபம்புல்’ என்ற ஏற்பாட்டுக்காக அரசோடு சேர்ந்து வேலை செய்தது. நல்ல திசை. சண்டை தீர்க்கும் குழுவே சாலைக்கும் கிணற்றுக்கும் திட்டம் போடும்போது, பேசிய பெண்ணுக்கு முடிவிலும் பங்கு கிடைக்க ஒரு வாய்ப்பு உண்டு.

ஆனால் எழுந்து பேசியவர்களுக்குத் தர வேண்டிய முதல் பாக்கி இன்னும் தீரவில்லை. சமாதானத் திட்டங்களுக்குப் பணம் தரும் அரசுகளும் அறக்கட்டளைகளும் இனி ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், கூட்டம் நடந்த பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் அந்த வட்டாரத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அவருக்கான சம்பளம் திட்டச் செலவிலேயே எழுதப்பட வேண்டும். அதற்கு ஒதுக்கீடு இல்லை என்றால், அந்த ஊரில் யாரையும் எழுந்து பேசச் சொல்லக் கூடாது.