ஈரத்தில் இறுகும் பொன்மலை

பழைய ஜப்பானியப் பெட்டிகளில் மலையும் அலையும் பொன்னில் மின்னுகின்றனவே, இத்தனை காலமாகியும் எப்படி உதிரவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் பொன்னுக்கு அடியில் இருக்கிறது.

அங்கே இருப்பது உருஷி மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். அந்த மரம் நம் சேராங்கொட்டைக்கும் முந்திரிக்கும் உறவு. பச்சையாகக் கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

பூசிய பெட்டியை வெயிலில் காயவைப்பதில்லை. 70 முதல் 85 சதவீத ஈரப்பதமுள்ள மர அலமாரிக்குள் வைத்து மூடுகிறார்கள். பாலில் பெரும்பகுதி உருஷியால் என்ற எண்ணெய்ப்பொருள். அதனுள் நுண்ணிய நீர்த்துளிகள், அவற்றில் லாக்கேஸ் என்ற தாமிர நொதி. காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அந்த நொதி உருஷியாலின் எலெக்ட்ரானைப் பிடுங்க, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாக இறுகுகின்றன. ஈரம் வற்றினால் நொதி முடங்கும். பூச்சு பிசுபிசுவென்றே கிடக்கும்.

புதுச் சிமென்ட் தரைமேல் ஈரச்சாக்கு போடுகிறோமே, அதைப்போலத்தான். தண்ணீர் காட்டாத தரை பொருக்குத் தட்டும், காட்டியது பாறையாகும். கொத்தனாரின் சாக்குக்கு இங்கே அலமாரி, ஜல்லிக்குப் பொன்துகள். அவர் ஒரே தளம் போடுகிறார். இவர்கள் மெல்லிய தளங்களாகப் பல தடவை போட்டு, ஒவ்வொன்றையும் இறுகவிட்டுத் தேய்க்கிறார்கள். இன்னொரு வித்தியாசம், சிமென்ட் தண்ணீரைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். உருஷிக்கு அது நொதியை ஓடவைக்க மட்டுமே.

மெதுவாக இறுகுவது கலைஞருக்கு வரம். உருஷியைக் கொண்டு மலையை வரைந்து, அது இறுகுவதற்குள், நுனியில் மெல்லிய துணி கட்டிய குழாயை விரலால் தட்டித் தட்டிப் பொன்துகளைத் தூவுகிறார். முகட்டில் நெருக்கமாக, கீழே வரவர அரிதாக. அந்த அரிதான இடம்தான் மூடுபனி! மேலே மறுபடி உருஷி, பிறகு கரித்துண்டால் தேய்ப்பு. மாக்கி-எ என்ற இந்தக் கலையை உருப்பெருக்கியில் பார்த்தால் மலைச்சரிவு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும்.

வரலாறு சுருக்கமாக: ஹெயான் காலத்திலேயே தழைத்த கலை. ஷோகுன் டோகுகாவா இயெமிட்சுவின் மகளுக்கு 1639ல் தந்த மாக்கி-எ கல்யாணச் சீர் நகோயாவில் டோகுகாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாக்கேஸை 1883ல் கண்டு சொன்னவர் யோஷிடா.

‘அழிவே இல்லாத இயற்கை பிளாஸ்டிக்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அமிலத்தை உருஷி தாங்கும், வெயிலைத் தாங்காது. புறஊதாக் கதிர் அந்த வலையை அறுக்கும். பளபளப்பு மங்கி, துகள்களின் பிடி தளரும். வறண்ட அறையில் அடிமரம் சுருங்கிப் பூச்சு விரிசல் விடும். அருங்காட்சியகங்கள் இந்தப் பெட்டிகளுக்கு மங்கிய விளக்கு போடுவது ஒளியின் சேதத்துக்கு அஞ்சித்தான்.