வெட்டும் முன் ஒரு டெஸ்ட்

ரோடு தோண்டுறப்போ கேபிள் அறுந்தா அம்பத்தூர் எஸ்டேட்டே இருட்டாகிடும். மலக்குடல் புற்றுநோய்க்கான லேப்ராஸ்கோப்பியிலும் இதே ஆபத்துதான். இடுப்புக்குழியில் நூல் மாதிரி ஓடும் நரம்புகள் அறுபட்டால், கட்டி போனாலும் சிறுநீர், மலம், தாம்பத்யம் எல்லாமே சிக்கலாகலாம். கேமராவில் நரம்பைத் திசுவிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது: சந்தேகமான இடத்தில் சில மில்லிஆம்பியர் மின்துடிப்பு கொடுப்பார்கள். ஆசனவாய்ச் சுருக்குத்தசையில் மைக்ரோவோல்ட் சிக்னல் எழுந்தாலோ, சிறுநீர்ப்பை அழுத்தம் ஏறினாலோ அங்கே நரம்பு இருக்கு, கத்தி விலகணும்.

ஆனா மின்கத்தி ஓடினா இந்தச் சின்ன சிக்னல் இரைச்சலில் மூழ்கிடும். வெட்டும்போதே நரம்பைக் கவனிக்கணும்னா நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஃபில்டரும் வேணும். "ஃபில்டர் லேப் எதுக்குடா?"ன்னு கேக்குறோமே, ஒருத்தரோட மீதி வாழ்க்கை அதுல இருக்கு.