காட்டுப்பன்றிக்கு மேக்னம் ரைஃபிள் சரிப்படுமா? கரிசல் காட்டு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரம்தான் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து விவசாயிகளுக்கு உறக்கம் போகும் நேரம். கண்மாய்க்குள் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலத்தில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிக் கூட்டம், இருட்டியதும் வெளியே வரும். தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். விடிந்து போய்ப் பார்த்தால் அரை ஏக்கர் படுத்திருக்கும்.

காவலுக்குக் கிடக்கும் இளவட்டங்கள் கையில் இப்போது செல்போன் இருக்கிறது. அமெரிக்காவிலோ நியூசிலாந்திலோ ஒருவர் மலைச்சரிவில் படுத்தபடி, அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மானை ஒரே தோட்டாவில் சாய்க்கும் வீடியோக்கள் அதில் வருகின்றன. "இது மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருந்தா, கரையில உக்காந்தே மொத்தத்தையும் முடிச்சிரலாம்ல?" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முடியாது. அதற்குச் சட்டம் மட்டுமே காரணமல்ல. சட்டமே அனுமதித்தாலும் இந்த மண்ணுக்கு அந்தத் துப்பாக்கி பொருந்தாது.

மேக்னம் என்றால் என்ன?

மேக்னம் என்பது முதலில் ஒயின் பாட்டிலின் பெயர். சாதாரண பாட்டிலைப்போல இரண்டு மடங்கு, அதாவது ஒன்றரை லிட்டர் பிடிப்பது. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து அடைக்கும் தோட்டாக்களுக்குத் துப்பாக்கி தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-ல் கொண்டுவந்த .375 மேக்னம், ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளை வேட்டையாடப் பேர்பெற்றது. தொலைதூர வேட்டைக்காரர்கள் அதிகம் தேடும் .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல் வந்தது.

இந்த .300 மேக்னத்தில் சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறும். அதன் ஆற்றல் சுமார் 4,700 ஜூல். இதே எடையுள்ள குண்டைச் சுடும் பழைய .30-06 ரைஃபிளில் இது 3,900 ஜூல் அளவில் இருக்கும். வட அமெரிக்காவின் எல்க் மான் 300 கிலோவுக்கும் மேல் எடை வரும். திறந்த மலைவெளியில் நிற்கும். கிட்டே போக விடாது. அதற்குத்தான் இந்த வேகமும் ஆற்றலும் தேவைப்படுகின்றன.

நம் ஊர்க் காட்டுப்பன்றி வளர்ந்தது 70 முதல் 100 கிலோ, சில அதற்கு மேலும் இருக்கும். ஆனால் அது வருவது இரவில், ஆளுயரப் பயிருக்குள். 40 மீட்டர் தள்ளி இருப்பதே தெரியாதபோது 400 மீட்டர் துப்பாக்கியை வைத்து என்ன செய்வது?

தூரக் கணக்கு

பகலில் வெட்டவெளியில் நின்றாலும் கணக்கு எளிதல்ல. 200 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த .300 மேக்னத்தை அதே குறியில் 400 மீட்டருக்குச் சுட்டால், குண்டு அரை மீட்டருக்கும் கீழே இறங்கிப் போகும். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகும். மெதுவாக நடக்கும் பன்றி அதற்குள் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். காற்று வேறு இருக்கிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் குண்டு ஓரடிக்கு மேல் விலகும். ஆடி மாதம் கரிசலில் நின்றவர்களுக்கு 16 கி.மீ. காற்று ஒரு காற்றே இல்லை என்பது தெரியும்.

பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சின்னத் தட்டின் அகலம்தான். அது தப்பினால் வயிற்றிலோ காலிலோ பட்டு, காயத்தோடு கருவேலத்துக்குள் புகுந்துகொள்ளும். காயம்பட்ட பன்றியை மறுநாள் விறகுக்கோ ஆடு மேய்க்கவோ போகிறவர் எதிர்கொள்ள நேரும்.

பழகாமல் வராது

மேக்னத்தின் உதை பலமானது. தோளில் சரியாகப் பதிக்காமல் சுட்டால், பின்னால் வரும் தொலைநோக்கி புருவத்தைக் கிழித்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பயம். அடுத்த உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகி, விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடி, தோளைச் சுருக்கிக்கொள்ளும். அதோடு குறி போய்விடும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம்.

அதனால்தான் கற்றவர்கள் யாரும் மேக்னத்தில் தொடங்குவதில்லை. முதலில் உதையே இல்லாத .22 ரைஃபிள், தோட்டா போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவது, பிறகு நடுத்தர ரைஃபிள் என்று படிப்படியாகப் போவார்கள். மேக்னத்துக்கு வந்த பின்னும் படுத்த நிலையில், மணல்மூட்டை மேல் வைத்து, ஒவ்வொரு தூரத்துக்கும் குண்டு எவ்வளவு இறங்குகிறது என்று சுட்டுச் சுட்டுக் குறித்துவைக்க வேண்டும். இதற்கு நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் செலவாகும். நம் நாட்டில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். ரைஃபிள் கிளப்புகளில் பெரும்பாலும் 10, 25, 50 மீட்டர் தூரங்களில்தான் பயிற்சி. 400 மீட்டருக்கு எங்கே போய்ப் பழகுவது?

தமிழகக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்டதாகப் புத்தகங்கள் எழுதிப் புகழ்பெற்ற கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். பலமான துப்பாக்கிதான். ஆனால் அவர் பரணில் உட்கார்ந்து, விலங்கு சில பத்து கஜத் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தார். புதர்க்காட்டில் வேறு வழி இருந்ததில்லை.

குண்டு எங்கே போய் நிற்கும்?

மலைநாட்டில் சுடுகிறவருக்கு விலங்கின் பின்னால் மலையே சுவராக நிற்கிறது. குறி தப்பினாலும் குண்டு மண்ணில் புதையும். வீரசோழனைச் சுற்றி அப்படியா? கண்ணுக்கு எட்டிய தூரம் சமதரை, இடையில் கண்மாய்க் கரை, அதற்கு அந்தப் பக்கம் ஊர். கிடை போட்ட ஆடுகள், காவலுக்குப் படுத்திருக்கும் ஆட்கள், அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள். இந்தப் பக்கத்தில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் புஞ்சைக்குப் போகிறேன் என்றுதான் அர்த்தம். இங்கே காடு என்பதே ஆள் நடமாடும் இடம்.

பலமான ரைஃபிள் குண்டு மேல்நோக்கிய கோணத்தில் போனால் 4 கிலோமீட்டருக்கு மேலும் போய் விழக்கூடியது. கிட்டத்தில் சுட்டாலும் பன்றியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். பரணிலிருந்து கீழ்நோக்கி, 30, 40 மீட்டருக்குள் சுடும் 12 போர் துப்பாக்கியின் ரவைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. தட்டை நிலத்தில் மேக்னத்தைவிட அதுவே மேல்.

துப்பாக்கிச் சட்டம் சொல்வது

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 13-வது பிரிவில் அதற்குச் சொல்லப்பட்டிருப்பது வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிதான். ரைஃபிளுக்குத் தனி உரிமம் வேண்டும், காரணம் காட்ட வேண்டும். உரிமம் கிடைத்தாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரசு ஆலைகளில் தயாரான .315 ரகம். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. புகழ்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019 திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

ஆனால் துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. பலர் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

பன்றியை யார் சுடலாம்?

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 9-வது பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியின்றிக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சோளத்தைக் கொத்தும் மயில் முதல் அட்டவணை. அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. அதேநேரம், மனித உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகும் இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல, 11-வது பிரிவின்கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரமளித்த அதிகாரி எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கலாம்.

கேரளம் 2022-ல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரை கொண்டுபோனது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துச் சுட அங்கே உத்தரவிட முடியும். தமிழ்நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.-க்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே.

விருதுநகர் மாவட்டத்தின் பெரிய காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம், மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கின்றன. திருச்சுழி வட்டாரத்துப் பன்றிகள் அங்கிருந்து தினம் வந்து போகிறவை அல்ல. கண்மாய்க்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகியவை. மேலே சொன்ன கணக்கில் இந்த ஊர்களில் பெரும்பாலானவை சுட அனுமதியுள்ள தூரத்தில்தான் வரும்.

மின்வேலி, அவுட்டுக்காய்

ரைஃபிளைவிட உடனடி ஆபத்து வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று அவுட்டுக்காய். பன்றி கடிக்க வைத்தது மாட்டின் வாயிலும் வெடிக்கும். மற்றொன்று, கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துப் போடும் மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. கரிசலில் யானை இல்லை. இங்கே அந்தக் கம்பியில் சிக்குவது பக்கத்துப் புஞ்சைக்காரராக இருக்கும், சில நேரம் போட்டவராகவே இருக்கும். சூரிய மின்வேலிக்குக்கூட 2023 விதிகளின்படி பதிவு தேவை.

என்ன செய்யலாம்?

சேதத்தைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, நகலை வனச்சரக அலுவலகத்தில் சேர்ப்பதுதான் முதல் வேலை. அவர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் கொண்ட கிராம அளவிலான குழு பரிந்துரைத்த பிறகே சுடும் நடவடிக்கை தொடங்கும். நடைமுறை மெதுவாகவே நகரும் என்பதால், பால் பிடிக்கும் வரை காத்திராமல் விதைத்த கையோடு மனு போடுவது நல்லது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஊர் சார்பாக எழுப்பலாம். அப்போதே கண்மாய்க்குள் இருக்கும் கருவேலத்தை அகற்றவும் சேர்த்துக் கேட்க வேண்டும். பன்றி பகலில் படுக்க இடமில்லாமல் போனால், அடுத்த போகத்துக்கு அவற்றின் எண்ணிக்கை குறையும்.