மண்வாசனை முதல் மல்லி மொட்டு வரை... சங்கரன்கோவில் பக்கம் காசில்லாம கிடைக்கிற சந்தோஷங்கள்!

காலையில கண்ணு முழிச்சதும் கை தேடுறது போனைத்தான். ஊட்டி மூடுபனி, மணாலி பனின்னு ரீல்ஸ் ஓடும். 'நமக்கு எப்போ இந்த மாதிரி லைஃப் அமையுமோ'ன்னு ஒரு பெருமூச்சோட நாள் தொடங்கும். உங்க சொந்த ஊர் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் மாதிரி ஒரு ஊரா? அப்போ பெருமூச்சு தேவையில்லை. மேற்கே பார்த்தா மலைத்தொடர், கிழக்கே போனா கரிசல் காடு. அருவியும் பனிமூட்டமும் இல்லாத இந்த ஊர்ல ரசிக்க என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? வாங்க, பார்க்கலாம்.

மழை வாசம் ஏன் மனசை இழுக்குது?

சங்கரன்கோவில் வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையில பெருசா பங்கு கிடையாது. மலைக்கு அந்தப் பக்கமே மேகம் பெரும்பகுதியைக் கொட்டிடும். நம்ம பக்கம் வர்றது காத்துதான். ஆடிக் காத்துல காற்றாலைகள் சுத்துறதைப் பார்த்திருப்பீங்க. இங்கே மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். மாசக்கணக்கா வெயில்ல வெடிச்சுக் கிடந்த கரிசல் மண்ணுல முதல் தூறல் விழும்போது ஒரு வாசம் வருமே... அதுக்குக் காரணம் மண்ணுக்குள்ள வாழுற நுண்ணுயிரிகள். அவை உருவாக்குற 'ஜியோஸ்மின்'ங்கிற பொருள், மழைத்துளி பட்டதும் காத்துல கலக்குது. மனுஷ மூக்கு இதை ரொம்ப ரொம்பக் குறைஞ்ச அளவுலேயே கண்டுபிடிச்சிடும். 1964-ல் இரண்டு விஞ்ஞானிகள் இந்த மழை வாசத்துக்கு 'பெட்ரிகோர்'னு பேரே வெச்சாங்க. நம்ம ஆட்களுக்கு அது எப்பவுமே மண்வாசனைதான்!

மண்ணை இந்த ஊர் கொண்டாடுற விதமே தனி. சங்கரநாராயணர் கோயில்ல கோமதியம்மன் பிரசாதமா புற்றுமண்ணைத்தான் பக்தர்கள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. ஆடித்தபசு அன்னைக்கு விவசாயிங்க தங்கள் காட்டுல விளைஞ்ச பருத்தி, மிளகாய் வத்தலை எல்லாம் சூறை விடுவாங்க. விளைச்சலுக்கு நன்றி சொல்ல ஒரு திருவிழா!

மல்லி சாயங்காலம் மணக்குறது ஏன்?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு ஒருமுறையாவது விடியக்காலையில போய்ப் பாருங்க. சாக்கு சாக்கா வந்து இறங்குறது பூ இல்லை, மொட்டு! விரிஞ்ச பூ சில மணி நேரத்துல வாடிடும். அதனால விரியுறதுக்கு முன்னாடியே பறிச்சாகணும். காலையில மொட்டா கட்டின சரம், சாயங்காலம் தலையில இருக்கும்போதுதான் விரியும். மல்லி மாதிரி இரவுல மலர்ற வெள்ளைப் பூக்கள் விட்டில் பூச்சிகளைத்தான் கூப்பிடுது. இருட்டுல கலர் எதுக்கு? வெள்ளை நிறமும் வாசமும் போதும். அடுத்த தடவை அம்மா வெச்சிருக்கிற சரத்துல இருந்து வாசம் வரும்போது, அது பூச்சிக்கு அனுப்பின மெசேஜ்னு நினைச்சுப் பாருங்க!

பனை தர்ற பரிசு

நம்ம மாநில மரம் பனை. கோடையில பதநீரும் நுங்கும், பொங்கல் சமயத்துல பனங்கிழங்கும் தரும். பதநீர் வடியுற கலயத்துல உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பாங்க. அது இல்லைன்னா புளிச்சு கள்ளாகிடும். ஓலைப் பட்டையில பதநீர் ஊத்தி, அதுல நுங்கைப் போட்டுக் குடிச்சுப் பாருங்க, எந்த மில்க் ஷேக்கும் பக்கத்துல வராது. ஒரு பனை வளர்ந்து பலன் தர 15 வருஷத்துக்கு மேல ஆகும். அதனாலதான் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல் தமிழக அரசு அறிவிச்சது.

இயற்கைக்கும் மனசுக்கும் என்ன தொடர்பு?

2019-ல் இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர்கிட்ட ஒரு ஆய்வு நடந்தது. வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையோட நேரம் செலவிடுறவங்க, உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொன்னது அதிகமா இருந்தது. அந்த 120 நிமிஷத்தை ஒரே நாள்ல கழிச்சாலும் சரி, பிரிச்சுக் கழிச்சாலும் சரி, வித்தியாசம் இல்லை. அதாவது ஒரு நாளைக்கு 18 நிமிஷம்கூட முழுசா வேண்டாம்.

ஆனா, ஒரு நிமிஷம்...

கிராமத்து வாழ்க்கைன்னா சந்தோஷம் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. நீங்க ரசிக்கிற அந்த மல்லியைப் பறிக்க ஒரு அக்கா இருட்டுலேயே எந்திரிச்சிருப்பாங்க. முகூர்த்த நாள்ல ஏறுற விலை, மறுநாளே சரிஞ்சு போகும். மழை பொய்ச்சா கரிசல் விவசாயிக்கு வருஷமே போச்சு. நம்ம பசங்க சென்னை, திருப்பூர்னு கிளம்புறது ஊர் பிடிக்காம இல்லை, வருமானம் பத்தாமத்தான்.

அதனால ரசிக்கிறதுக்கும் ஒரு மரியாதை இருக்கு. பதநீர் விக்கிற அண்ணாச்சிகிட்ட பேரம் பேசாதீங்க. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்தா ஊரே கேமராவோட கிளம்புது. போங்க, தப்பில்லை. ஆனா செடியை மிதிச்சு எடுக்கிற செல்ஃபிக்கு உங்களுக்குக் கிடைக்கிறது லைக், விவசாயிக்குக் கிடைக்கிறது நஷ்டம். குளத்துக்கரையில பிளாஸ்டிக் கப்பைப் போட்டுட்டு வந்தா, அடுத்த வருஷம் அங்கே நாரையைத் தேடிப் பிரயோஜனமில்லை.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

* மழைக்காலம் முடிஞ்சதும் நிறைஞ்ச குளத்துக்கு விடியக்காலையில போங்க. நாரை, கொக்கு, நீர்க்காகம்னு கூட்டமே இருக்கும். போனை ஒதுக்க வேண்டாம். 'மெர்லின்' ஆப் பறவைக் குரலைக் கேட்டே பேர் சொல்லிடும்.

* கரண்ட் கம்பியில உட்கார்ந்திருக்கிற பறவையைக் கவனிங்க. பறக்கும்போது றெக்கையில நீலம் மின்னுச்சுன்னா அது பனங்காடை.

* ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமார் 20 கிலோமீட்டர்ல இருக்கிற கழுகுமலைக்குப் போங்க. ஒரே பாறையைக் குடைஞ்சு எடுத்த வெட்டுவான் கோயிலைப் பார்த்துட்டு, மலை மேல இருந்து கரிசல் காட்டைப் பாருங்க.

* தாத்தா, ஆச்சிகிட்ட உங்க தெருவுல முன்னாடி என்னென்ன மரம் இருந்துச்சுன்னு கேளுங்க. அப்படியே சாயங்காலம் ஓடிடும்.

* வெளியூர்ல இருக்கீங்களா? மாடியில ஒரு மல்லிச் செடி வைங்க. ஊர் வாசம் அங்கேயும் வரும்.

இதுல எதுக்கும் டிக்கெட் கிடையாது, லீவ் லெட்டர் எழுத வேண்டியதில்லை. இன்னைக்கு சாயங்காலமே 18 நிமிஷம் ஒதுக்கிப் பாருங்களேன்!