ஸ்டியரிங் சொல்லும் எச்சரிக்கை

நமது சங்கங்களின் சொத்துப் பட்டியலில் முன்னாளில் தராசும், இரும்புப் பெட்டியும், தறிச் சாமான்களுமே காணப்படும். இன்றோ சரக்கு வண்டியும் அதில் இடம் பெற்றுவிட்டது. நூல் மூட்டைகளும், நெய்து முடித்த துணிகளும், உரமும், நெல்லும், காய்கறியும் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து மோட்டாரிலேயே போய்வருகின்றன. சங்கத்துக்குச் சொந்த வண்டி இல்லாவிடினும், வாடகை வண்டியிலோ அங்கத்தினர் ஒருவரின் டிராக்டரிலோ சரக்கு ஏறுகிறது. சொந்தக் கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களும் இன்று பலர்.

எஞ்சின் பழுதானால் வண்டி சாலையோரம் நின்றுவிடும். அன்றைய வேலை கெடும், அவ்வளவே. ஆனால் ஓடுகின்ற வண்டி ஓட்டுநர் நினைத்த பக்கம் திரும்பாது போனால், நேரக்கூடியது நஷ்டம் என்ற சொல்லுக்குள் அடங்குவதன்று. ஓட்டுநரின் உயிரும், உடன் செல்லும் அங்கத்தினர்களின் உயிரும், எதிரே வருவோரின் உயிரும் அந்த ஒரு கணத்தைப் பொறுத்தவையாகின்றன.

எனினும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. ஸ்டியரிங் பெரும்பாலும் திடீரெனக் கெடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே அது கைக்கும், காதுக்கும், கண்ணுக்கும், சங்கத்தின் செலவுப் புத்தகத்துக்குங்கூடத் தன் நோயைத் தெரிவிக்கத் தொடங்குகிறது. அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தேர் முதல் மோட்டார் வரை

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை அறியாதார் நம்முள் இலர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்ந்து வருகிறது. அத்தனை பெரிய தேருக்குத் திரும்பும் அச்சு கிடையாது. முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகியே அதன் திசையை மாற்றுகின்றனர். இரட்டை மாட்டு வண்டியிலும் திருப்பும் கருவி தனியாக இல்லை. மாடு திரும்பினால் வண்டி திரும்பும். புதுச்சேரித் தெருக்களில் முற்காலத்தில் ஓடிய புஷ் வண்டியிலோ, ஆள் பின்னின்று தள்ள, உள்ளே அமர்ந்திருப்பவர் கைப்பிடி ஒன்றைப் பற்றி முன்சக்கரத்தைத் திருப்பினார்.

நான்கு சக்கர வண்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. பிணையல் கட்டிப் போரடித்த களத்தை நினைவுகூர்ந்தால் அது எளிதில் விளங்கும். உட்புற மாடு சிறு வட்டம் சுற்றும். வெளிப்புற மாடு பெரிய வட்டம் சுற்றும். அவ்வாறே வண்டி வளையும்போது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருள வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். ஆதலின் உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகவும் வெளிப்புறச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் திரும்புதல் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த லங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். 1818-ஆம் ஆண்டில் அக்கர்மன் என்பவர் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காக எழுந்த அந்தத் தத்துவமே இன்றைய கார்களுக்கும் லாரிகளுக்கும் அடிப்படை.

திரும்புவது எவ்வாறு?

ஓட்டுநர் தம் கையிலுள்ள கைச்சக்கரத்தைத் திருப்புகிறார். அதனுடன் இணைந்த தண்டு சுழன்று, தன் கீழ்முனையிலுள்ள சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அப்பற்சக்கரம் பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்றைக் கவ்வியிருக்கும். தறியில் நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுவதுபோல, அந்தப் பற்சட்டம் இடமும் வலமுமாக நகரும். சட்டத்தின் இரு முனைகளிலும் டை ராடு எனப்படும் இணைப்புத் தண்டுகள் உள்ளன. அவை தள்ளவும் இழுக்கவும் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. 2014-ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசடர் காரில் இருந்ததும் இம்முறையே. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதுவே.

பெரிய லாரிகளில் பாரம் மிகுதியாதலால் வேறு அமைப்பு காணப்படும். அங்கே திருகுபோன்ற தண்டும், இரும்புக் குண்டுகள் உருளும் மரையும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அப்பெட்டியிலிருந்து இறங்கும் கை ஒன்று, நீண்ட தண்டின் வழியே சக்கரங்களைத் திருப்பும். அமைப்பு எதுவாயினும் நோக்கம் ஒன்றே: கையின் சிறு பலத்தைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பது. கைச்சக்கரம் ஏறத்தாழ 16 பாகை சுழன்றால் முன்சக்கரம் 1 பாகை திரும்பும் என்பது கார்களில் காணப்படும் விகிதங்களுள் ஒன்று.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஓட்டுநருக்குத் துணையாகப் பவர் ஸ்டியரிங் உள்ளது. எண்ணெய் அழுத்தத்தால் உதவும் முறை 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்தது. மின் மோட்டாரால் உதவும் முறை பிற்காலத்தது. இத்துணை நின்றுபோனாலும் கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அறுவதில்லை. கைச்சக்கரம் மிகவும் கனக்கும், ஆயினும் திரும்பும். இதை அறிந்த ஓட்டுநர் பதற்றம் கொள்ளாமல், இரு கைகளாலும் அழுத்தித் திருப்பி வண்டியை ஓரங்கட்டுவார்.

இவ்வமைப்பில் அதிகம் தேய்வது பந்துமூட்டு. மெக்கானிக்குகள் பால் ஜாயிண்டு என்றும் டை ராடு எண்டு என்றும் கூறுவது இதுவே. நம் தோள்மூட்டைப் போல, கிண்ணத்துக்குள் குண்டு ஒன்று பொருந்தி எப்புறமும் அசையும். கிரீஸ் வெளியேறாமலும் மண்ணும் நீரும் புகாமலும் காக்க அதன்மேல் ஒரு ரப்பர் உறை போர்த்தியிருக்கும். உறை கிழிந்தால் மழைக்காலச் சேறும் கோடைப் புழுதியும் உள்ளே சென்று மூட்டை அரைத்துவிடும். இத்தகைய ஸ்டியரிங் உறுப்புகள் எங்கோ தொலைவில் செய்யப்படுபவை அல்ல. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், திருபுவனையிலேயே ராணே (மெட்ராஸ்) நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. நம் அண்டை கிராமத்தில் உருவாகும் பொருளின் பயனை நாம் அறியாதிருத்தல் தகுமோ?

பழுதின் அறிகுறிகள்

முதலாவது, வெற்றாட்டம். கைச்சக்கரத்தைச் சிறிது அசைத்தும் முன்சக்கரம் அசையாதிருப்பதே இது. தளர்ந்த பாவில் நல்ல துணி நெய்ய இயலாததுபோல, தளர்ந்த ஸ்டியரிங்கில் வண்டியை நேராக ஓட்ட இயலாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, இவ்வாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. பந்துமூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்கவேண்டும் என்றும், இணைப்பு ஆணிகள் கழலாதவாறு பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலுள்ள தூரமே 30 பாகை. 38 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கைச்சக்கரத்தில் இது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஆனால் இது சட்டம் பொறுக்கும் எல்லையே தவிர, நல்ல நிலையின் அளவு அன்று. சீராக உள்ள சிறு காரில் ஓரிரு விரற்கடைக்கு மேல் ஆட்டம் இராது.

இரண்டாவது, ஒருபக்கம் இழுத்தல். சமமான நேர்ச்சாலையில் வண்டி தானாக ஒருபுறம் சாய்ந்து ஓடுமாயின், முதலில் டயர்களின் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று சமமாயிருந்தும் இழுத்தால், பிரேக் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது சக்கரங்களின் நேர்மை தவறியிருக்கலாம்.

மூன்றாவது, நடுக்கம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கைச்சக்கரம் நடுங்கினால், சக்கரத்தின் எடைச் சமன் கெட்டிருத்தல் கூடும். பள்ளத்தில் ஏறி இறங்கியதும் பலமாக உதறினால் மூட்டுகளையும் சக்கர பேரிங்குகளையும் சோதித்தல் வேண்டும்.

நான்காவது, கனத்தல். காற்றுக் குறைவு, கிரீஸ் இன்மை, பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் குறைவு, அதன் பெல்ட் தளர்வு ஆகியவை காரணங்களாகலாம். மின்முறை ஸ்டியரிங்கில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அலட்சியம் செய்யலாகாது.

ஐந்தாவது, திரும்பி வராமை. வளைவு முடிந்ததும் கைச்சக்கரம் பெரும்பாலும் தானே நேர்நிலைக்கு வரவேண்டும். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதுபோல முன்சக்கரத்தின் திரும்பும் அச்சும் சற்றுச் சாய்த்து அமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். வராமல் இறுகி நின்றால் எங்கோ மூட்டு இறுகிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆறாவது, ஓசை. மேடுபள்ளத்தில் முன்புறம் ‘லொடக் லொடக்’ என்று கேட்பது தேய்ந்த மூட்டின் குரலாக இருக்கலாம்.

ஏழாவது, டயர்த் தேய்மானம். முன் டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். ஒருபக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், மறுபக்கமாகத் தடவும்போது அரம்போலவும் இருந்தால் சக்கரங்கள் இணையாக ஓடவில்லை.

இந்த ஏழாவது அறிகுறி கணக்குப் புத்தகத்திலும் தோன்றும். சங்கம் ஒன்றின் செலவுச் சீட்டுகளை நாம் பார்வையிட்டபோது, ஓராண்டுக்குள் முன் டயர்கள் இருமுறை மாற்றப்பட்டிருக்கக் கண்டோம். டயர் மட்டமானது என்று கருதி வேறு கடையில் வாங்கவும் தீர்மானம் எழுதியிருந்தார்கள். ஓட்டுநரை வினவினோம். “நாலு மாசமா ஸ்டியரிங் ஆடுதுங்க ஐயா. சொன்னேன். அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க” என்றார். பட்டறையில் பார்த்தபோது டை ராடு முனைகள் இரண்டும் தேய்ந்து, உறைகள் கிழிந்திருந்தன. அவற்றை மாற்றிச் சீர்செய்த செலவு ஒரு டயரின் விலையைக்கூட எட்டவில்லை. அந்த நான்கு மாதங்களும் வண்டி விபத்தின்றி ஓடியது அதிர்ஷ்டமேயன்றி நிர்வாகமன்று.

எளிய சோதனைகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டபின், ஒருவர் கைச்சக்கரத்தை மெல்ல இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் முன்சக்கரத்தருகே குனிந்து கவனித்தால், எந்த மூட்டு வெறுமனே ஆடுகிறது என்பது கண்ணுக்குப் புலப்படும். எண்ணெய் முறைப் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போதே இதைச் செய்தல் வேண்டும்.

அடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் இரு பக்கங்களையும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங்கையோ, கீழ்மூட்டையோ, லாரியாயின் கிங் பின்னையோ பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது.

இவை பழுதைக் கண்டறிவதற்கான சோதனைகளே. பழுதுபார்த்தல் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. வளைந்த டை ராட்டை நிமிர்த்துவதும் பற்றவைத்து ஓட்டுவதும் கூடாது. மாற்றுவது ஒன்றே வழி. ஓடும் வண்டியில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைப்பதும் ஆபத்து. பவர் ஸ்டியரிங்கின் உதவி நின்றுபோகும். சாவியை எடுத்தால் கைச்சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

டிராக்டர் ஓட்டும் அன்பர்களுக்கு

பாகூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து டிரெய்லரில் சரக்கேற்றி வரும் அன்பர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். டிரெய்லரின் பாரம் இணைப்புக் கொக்கியை மிகுதியாக அழுத்தினால் டிராக்டரின் முன்புறம் இலேசாகிவிடும். முன்சக்கரம் தரையை அழுத்திப் பற்றாதபோது, ஸ்டியரிங்கில் பழுதே இல்லாவிடினும் வண்டி திரும்பாது. மேலும், உழவில் குறுகித் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இடவலப் பிரேக்குகளைச் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். மறந்தால், வேகத்தில் ஒரு பிரேக்கை மட்டும் அழுத்த நேர்ந்து வண்டி ஒருபக்கமாகச் சுழன்றுவிடும்.

சங்கம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும். ஓட்டுநர் கண்ட குறைகளைத் தேதியுடன் அதில் எழுதுதல் வேண்டும். காரியதரிசி அன்றே அதில் கையொப்பமிடுதல் வேண்டும். ஸ்டியரிங், பிரேக் ஆகிய இரண்டில் குறை எழுதப்பட்டால், நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் வண்டியை நிறுத்தவும், உடனே சீர்செய்யச் செலவிடவும் காரியதரிசிக்கு முன்னதாகவே அதிகாரம் அளித்துத் தீர்மானம் நிறைவேற்றி வைத்தல் நலம். வாடகை வண்டி அமர்த்தும்போது அதன் தகுதிச் சான்று நடப்பில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். டயர்ச் செலவு வழக்கத்தை மீறினால், விலையைப் பற்றி விவாதிக்குமுன் சக்கர நேர்மையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஸ்டியரிங் ஆடுகிறது’ என்று ஓட்டுநர் சொன்னால், அது வேலைக்குச் சாக்கு என்று எண்ணலாகாது. அந்த வண்டியைத் தினமும் கையால் உணர்பவர் அவரே. பாரம் ஏற்ற வேண்டிய அவசரத்தில் அவர் சொல்லை ஒதுக்கும் உரிமை காரியதரிசிக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. வரும் பொதுக்கூட்டத்தில் உங்கள் சங்கத்து வண்டியின் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லையெனில், அன்றே ஒன்று தொடங்கச் செய்யுங்கள்.