ஒரு பல் பிசகினால்!

"உங்க காருக்குள்ளே யாரோ அரிசி புடைக்கிறாப்போல இருக்கே, கேட்டுதா?" என்று முதன்முதலில் கேட்டவள் என் அம்மாதான்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவருடைய அம்பாஸடர் 'மார்க் 3', 1978-ம் வருஷத்து வண்டி. அதைப் பற்றி வெளியார் யாராவது குறை சொன்னாலே அவருக்குப் பொறுக்காது. வீட்டுக்குள்ளிருந்தே புகார் கிளம்பினால் கேட்க வேண்டுமா? "முப்பத்து மூணு வருஷமா ஓடற எஞ்ஜின். சத்தம் இருக்கத்தான் இருக்கும். உனக்கு மூட்டு வலி இல்லையா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இது 2011-ம் வருஷம் ஏப்ரல் மாதத்துக் கதை. அந்த மே மாதம் சென்னையிலிருந்து ஏற்காட்டுக்குக் காரிலேயே போவதென்று வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. ரயிலும் பஸ்ஸும் இல்லாமலா போயிற்று? ஆனால் கண் டாக்டர் அப்பாவிடம், "இந்த வருஷத்தோடு ஸ்டியரிங்கை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அப்பா ஓட்டப் போகிற கடைசி நீண்ட பயணம் அதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சத்தம் மட்டும் நின்றபாடில்லை. முதலில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் இரண்டு மூன்று விநாடி, எஞ்ஜினின் முன்பக்கத்திலிருந்து 'சர சர' என்று கேட்கும், பிறகு அடங்கிவிடும். போகப் போக அடங்காமல் கூடவே வர ஆரம்பித்தது. கடைசியில் அப்பாவே, ஏதோ தாமாகக் கண்டுபிடித்தவர் போல, "டைமிங் செயின் தளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் காப்பி ஆற்றினாள்.

இந்த டைமிங் செயின் என்பது என்ன என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. இன்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கசப்பு.

எஞ்ஜினுக்குள் முக்கியமாக இரண்டு தண்டுகள் உண்டு. ஒன்று கிராங்க் ஷாப்ட். பிஸ்டன்கள் மேலும் கீழுமாகக் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றி வண்டியை ஓட வைப்பது அது. மற்றது காம் ஷாப்ட். வால்வுகளை வேளை தவறாமல் திறந்து மூடச் செய்வது அதன் வேலை. வால்வு என்றால் பயப்பட வேண்டாம், வெறும் கதவு. ஒரு கதவு வழியாகப் பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். இன்னொரு கதவு வழியாகப் புகை வெளியே போகும். கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஷாப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். அதனால் காம் ஷாப்டின் பல்சக்கரத்தில் பற்கள் சரியாக இரு மடங்கு இருக்கும். இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்துக் கட்டியிருக்கும் சங்கிலிதான் டைமிங் செயின்.

சைக்கிள் சங்கிலி மாதிரிதானே என்று தோன்றும். ஜாதி ஒன்றுதான். சுவிட்ஸர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பிழைக்க வந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற எஞ்ஜினீயர் 1880-ல் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வம்சம்தான் இரண்டும். ஆனால் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எஞ்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூட வேண்டும். நாலு சிலிண்டரும் எட்டு வால்வும் உள்ள எஞ்ஜினில் விநாடிக்கு 200 கதவு திறப்புகள்! நம் வீட்டில் தபால்காரருக்கு ஒரு தடவை கதவைத் திறக்கவே என்ன பாடு படுகிறோம்!

சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரும்பு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற சின்ன ஊசியும் அது உட்கார்ந்திருக்கும் குழலும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வது தலைமயிர் அகலம்கூட இராது. ஆனால் 100 கண்ணிகளில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பாகம் தேய்ந்தால், மொத்தத்தில் 2 மில்லிமீட்டர் தொய்வு வந்துவிடும். தொய்ந்த சங்கிலி பக்கத்தில் இருக்கிற தகட்டு மூடியில் உரசும். அம்மாவின் காதில் விழுந்த அரிசி புடைக்கிற சத்தம் அதுதான். தேய்வதற்கு முக்கிய காரணம் பழைய எண்ணெய், அல்லது குறைந்த எண்ணெய். இதைச் சொல்லும்போது அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

வண்டியை ஒரு ஷெட்டில் விட்டோம். ஊரும் பேரும் எதற்கு? இரண்டு நாளில் வேலை முடிந்து வந்தது. புதுச் சங்கிலி. சத்தம் போயே போய்விட்டது. நின்ற இடத்தில் எஞ்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஏகத் திருப்தி. அம்மா மட்டும், "முன்னைவிட இழுக்க மாட்டேங்குதே" என்றாள். அவளை யார் கேட்டார்கள்?

சேலம் வரை சமவெளி, ஒன்றும் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவுக்குள்ளேயே வண்டிக்கு மூச்சு வாங்கிற்று. ஆறாவது வளைவில் முதல் கியரிலும் ஏற மறுத்து, சூடு முள் சிவப்பைத் தொட்டு, கார்புரேட்டர் பக்கம் 'டப், டப்' என்று தும்ம ஆரம்பித்தது. அப்பா ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு" என்றார். அந்த மாதிரி அவர் பேசி நான் கேட்டதில்லை.

மெல்ல உருட்டிக்கொண்டு சேலத்துக்கே திரும்பினோம். அங்கே விசாரித்ததில் ஒரு மேஸ்திரியிடம் அனுப்பினார்கள். எழுபது வயது இருக்கும். பேனட்டைத் திறந்தவர் எஞ்ஜினைக் கிளப்பக்கூடச் சொல்லவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, இதை யாரு இவ்வளவு தூரம் திருப்பி வெச்சது?"

அங்கேதான் சூட்சுமம். அந்த எஞ்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது காம் ஷாப்ட். சங்கிலி மாட்டும்போது காம் ஷாப்ட் பிசகினால் தீப்பொறி விழும் நேரமும் கூடவே பிசகும். வண்டி சரியாகக் கிளம்பாது. பழைய ஷெட்காரர் என்ன செய்திருக்கிறார்? ஏன் என்று யோசிக்காமல், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகித் திருகிக் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டார். தீப்பொறி சரியாகிவிட்டது, வால்வுகளின் பிசகு அப்படியே உள்ளே ஒளிந்துகொண்டது.

மேஸ்திரி வால்வு மூடியைக் கழற்றி, முன்பக்கத்தில் ஹாண்டிலைச் செருகிக் கையாலேயே எஞ்ஜினை மெல்லச் சுற்றினார். முதல் சிலிண்டரில் காற்று வாங்கும் வால்வு எப்போது திறக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். "பிஸ்டன் கீழே இறங்கப் போயிட்டுது, கதவு இப்பத்தான் தொறக்குது. ஒரு பல் பிசகு" என்றார். ஒரு பல்தானே என்று நான் கேட்டேன். காம் சக்கரத்தில் 40 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது 9 டிகிரி. கிராங்க் ஷாப்ட் கணக்கில் 18 டிகிரி. கதவு தாமதமாகத் திறந்து தாமதமாக மூடினால், உள்ளே வாங்கிய மூச்சில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். வேகமாக ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. மலை ஏறும்போது, எஞ்ஜின் மெதுவாகச் சுற்றிப் பலமாக இழுக்க வேண்டிய இடத்தில், காலை வாரிவிடும்.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ரேடியேட்டர் கழன்றது. கிராங்க் ஷாப்டின் முனையில் இருக்கிற பெரிய நட்டு, அதன் கீழ் மடித்துவிட்ட பூட்டு வாஷர், புல்லி, கடைசியில் தகட்டு மூடி. சங்கிலி வெளியே தெரிந்தது. எதிரெதிரே இரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கிறது. சக்கரங்கள் சரியான நிலையில் நிற்கும்போது இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஹாண்டிலால் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று பார்த்தது, மற்றது ஒரு பல் தள்ளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"கோலத்திலே புள்ளி தப்பினாப்போல" என்றாள் அம்மா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அதேதாம்மா" என்றார் மேஸ்திரி. "இழை எவ்வளவு அழகா இழுத்தாலும் கூடாது."

அதோடு விடவில்லை அவர். சங்கிலியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். மாட்டி ஒரு மாதம் ஆகவில்லை, ஒரு பக்கத்து ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம். ஓர் இரும்பு அளவுகோலைப் பெரிய சக்கரத்தின் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, சிறிய சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே இருக்கும் சந்தில் பில்லர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். சிறிய சக்கரத்தின் பின்னால், கிராங்க் ஷாப்டில், காகிதம் போன்ற மெல்லிய வாஷர்கள் வைத்திருப்பார்கள். சந்து எவ்வளவோ அவ்வளவு கனத்துக்கு வாஷர் சேர்த்தால் சக்கரம் கோட்டுக்கு வந்துவிடும். பழைய இடத்தில் கழற்றியபோது ஒரு வாஷர் எங்கோ உருண்டு போயிருக்கிறது. தேடத் தோன்றவில்லை போலும். ஒரு தம்பிடி பெறாத சாமான்!

வாஷரை வைத்தார். இரண்டு சக்கரங்களையும் புதுச் சங்கிலிக்குள்ளே முதலில் மாட்டி, புள்ளிக்குப் புள்ளி பார்த்து, இரண்டையும் ஒன்றாகவே தண்டுகளின் மேல் ஏற்றினார். சக்கரங்களைத் தண்டில் மாட்டிவிட்டுப் பிறகு சங்கிலியைப் போடலாம் என்று நினைத்தால் நடக்காது. மூடியைப் பூட்டும்போதும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் புல்லியை உள்ளே செருகி, எண்ணெய் சீல் அதைச் சுற்றி நடுவாக உட்கார்ந்த பிறகுதான் மூடியின் ஆணிகளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எண்ணெய் ஒழுகும்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்களே சுத்துங்க" என்று ஹாண்டிலைக் கையில் கொடுத்தார். அப்பா நிதானமாக, ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். எங்கும் தட்டவில்லை. இரண்டு புள்ளிகளும் ஊர் சுற்றிவிட்டு வந்து மறுபடி நேருக்கு நேர் நின்றன. டிஸ்ட்ரிபியூட்டரும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அம்பாஸடர் 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதன் கதை நமக்கெதற்கு என்று சில சகோதரிகள் கேட்கலாம். உங்கள் வீட்டுப் புது வண்டியிலும் இதே சமாசாரம்தான் இருக்கிறது. மாருதி 800-ல் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருந்தது. அதே கம்பெனியின் கே-வரிசை எஞ்ஜின்களில் சங்கிலி வந்துவிட்டது. பெல்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. தவறாமல் மாற்ற வேண்டும். சங்கிலி எஞ்ஜின் உள்ளவரை வரும் என்பார்கள். வரும், எண்ணெயை ஒழுங்காக மாற்றினால். இப்போதைய எஞ்ஜின்கள் பலவற்றில் சங்கிலி அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் போய் வால்வை முட்டி வளைத்துவிடும். மலை ஏறாததோடு போகாது, எஞ்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

புதுச் சங்கிலிகளில் இரண்டு மூன்று கண்ணிகளுக்கு வேறு நிறம் பூசியிருப்பார்கள். அந்த நிறக் கண்ணி சக்கரத்தின் புள்ளி மேல் உட்கார வேண்டும். மாட்டிவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் சக்கரத்துப் புள்ளிகள் திரும்பவும் தம் இடத்துக்கு வரும். நிறக் கண்ணிகள் வரா! அவை மறுபடி சேர எத்தனையோ சுற்று ஆகும். இதைப் பார்த்து 'ஐயோ, பிசகிவிட்டதே' என்று கழற்றி மாட்டிக் கெடுத்தவர்கள் உண்டு. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனருக்கு ஓர் ஊசி போட்டுப் பூட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் அதை உருவ வேண்டும். மறந்தால் புதுச் சங்கிலியும் முதல் நாளே சலசலக்கும். மெக்கானிக்கிடம், "கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்களா? டென்ஷனர் ஊசி எங்கே?" என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சங்கிலியை மாற்றும்போது டென்ஷனரையும், அது உரசுகிற கட்டைகளையும், பற்கள் தேய்ந்திருந்தால் சக்கரங்களையும் கூடவே மாற்றிவிடுவது லாபம். சாமானைவிடக் கழற்றி மாட்டுகிற கூலிதான் ஜாஸ்தி. அதை இரண்டு தரம் கொடுப்பானேன்?

சாயங்காலம் மேஸ்திரி கழற்றின சங்கிலியைப் படுக்கைவாட்டில் ஒரு முனையைப் பிடித்து நீட்டிக் காட்டினார். வில்லாக வளைந்து தொங்கிற்று. புதியது அத்தனை தொங்காது என்று சொல்லி, காகிதத்தில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். "முதல்லே கேட்டது உங்க காதுதானாம், ஐயா சொன்னாரு."

அப்பா சொன்னாராம்! அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். அம்மா ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறாவது வளைவில் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டி இரண்டாவது கியரில் நிதானமாகத் திரும்பி மேலே ஏறியது. இருபதாவது வளைவும் தாண்டி, ஏரிக்கரையில் நிறுத்தி, எஞ்ஜினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

இறங்கும்போது நான்தான் ஓட்டினேன்.